ஆய்மகள் கேட்ட விலை



பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே ஓர் ஆய்மகள் வருகிறாள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று விற்கிறாள். மோருக்கு நெல் கொள்கிறாள். நெய்க்கோ பசும்பொன் கொடுத்தாலும் கொள்ளாள்; எருமையும் பசுவும் நாகுமே அவள் கேட்கும் விலை. அவளை வெகுளி என்று எண்ணிவிடலாகாது. பெட்டியில் வைத்த பொன் குட்டி போடாது. பட்டியில் விட்ட நாகு ஈனும். கால்நடை வளர்ப்பின் கணக்கு முழுவதையும் புலவர் அந்த ஓரிடத்திலே சொல்லிவிட்டார்.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது மூதூர்ப் பிள்ளைகளுக்கு உரை தேவைப்படுவதில்லை. கொட்டியாரக் குடாவின் தெற்கே, மகாவலி கடலோடு கலக்கும் எங்கள் மண்ணில் வயலும் காடும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வேளாண்மை செய்பவர் வாசலில் மாடும் நிற்கும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதைக் காய்ச்சி ஆற்றி, உறைமோரிட்டு மண்சட்டியில் ஊற்றினால், சட்டி நீரை உறிஞ்சிக்கொள்ள, தயிர் வெட்டியெடுக்கும்படி இறுகும்.

அந்தச் சட்டிக்குப் பின்னால் உள்ள பாட்டை வாங்குபவர் அறியார். எங்கள் வீட்டில் நிற்பவை மூன்று பசுக்களும் சில ஆடுகளுமே. அவற்றுக்கே நல்லநாள் பெருநாள் என்று ஓய்வில்லை. சினைப்பசு ஈன ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஈன்றபின்னும் கன்று குடித்தது போக மிஞ்சுவதே நமக்கு. கால்வாய் நோய் வந்தால் அதுவும் வற்றிவிடும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. பல வருட முதல் ஓரிரு இரவிற் போயிற்று.

பட்டிக்காரரின் பெருங்கவலை மேய்ச்சற்றரை. பெரும்போகம் விதைத்ததும் பட்டியை வயற்பக்கமிருந்து அகற்ற வேண்டும். அறுவடை முடியும்வரை எங்கே மேய்ப்பது? காட்டுக்குள் விட்டால் சட்டம் தடுக்கும்; வயலுக்குள் இறங்கினால் கமக்காரர் தடுப்பார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மாட்டுக்கும் வயிறு உண்டு. மேய்ச்சலுக்கென நிலத்தை எல்லையிட்டு ஒதுக்காதவரை இந்த வழக்குத் தீராது.

தொல்காப்பியர் புறத்திணையைத் தொடங்குவதே ஆநிரை கவரும் வெட்சியில்தான். கவர்ந்த நிரையைக் கொண்டுவந்து ஓம்புதலையும் அவர் அங்கே சேர்த்துச் சொல்கிறார். பகைவனின் மாடாயினும் அது வாடக்கூடாது. 2006இல் எங்கள் பிரதேசத்திற் போர் மூண்டபோது, சம்பூர்ப் பகுதி மக்கள் பட்டிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். ஓம்புவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. 2015இன் பின்னர் ஊர் திரும்பியவர்கள் காணியைக் கண்டார்கள். விட்டுப்போன பட்டியைக் காணவில்லை. வீட்டை ஒரு வருடத்திற் கட்டிவிடலாம். ஒரு நாகிலிருந்து பட்டியை உண்டாக்கப் பத்து வருடமாவது செல்லும்.

ஆனாலும் ஓர் ஆட்டோடு தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டியை விற்றுக் கன்று வாங்குகிறார்கள். அது ஈன்றால் வீட்டில் பால் உண்டு, வயலுக்கு எரு உண்டு, கடைக்காரரிடம் தலைகுனியாத காலை உண்டு. என் மகளின் பல்கலைக்கழகச் செலவில் ஒரு பங்கை எங்கள் மூத்த பசுவே தந்தது.

இருந்தும் பாடசாலைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'மாடு வளர்ப்பு' என்றெழுதச் சில பிள்ளைகள் கூசுகிறார்கள். சிலர் 'கூலி' என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் செல்வத்தைக் குறிக்க எடுத்த சொல் 'மாடு'. உங்கள் தந்தையின் தொழிலை முழுப்பெயரோடு எழுதுங்கள்.