அறுவை வாணிகமும் ஒரு படிப்பு



மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவர் சங்க காலத்தில் வாழ்ந்தார். அறுவை என்பது ஆடைக்குப் பழம்பெயர். இன்று அச்சொல்லைக் கேட்டால் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. இளைஞர்களோ சலிப்பூட்டும் பேச்சு என்று பொருள் கொள்கின்றனர். இப்பேச்சு அவ்வகையிற் சேராதிருக்க முயல்வோம். 'ஃபேஷன் மெர்ச்சண்டைசிங்' என்று கல்லூரிகள் கற்பிக்கும் துறைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆடை அலங்காரம் என்றால் பாதி விட்டுப்போகிறது. விற்பனை என்றால் மறுபாதி விட்டுப்போகிறது. அறுவை வாணிகம் என்ற பழைய பெயரே ஒருவாறு பொருந்துகிறது.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களிற் சில, இடம் போதாமையால் தானேக் கழியைத் தாண்டி ஐரோலிக்கு வந்து குடியேறின. முலுண்டிலிருந்து கழியைக் கடக்கும் பாலமும், 2004-இல் தொடங்கிய தானே–வாஷி இரயில் பாதையும் அதற்கு வழி செய்தன. அத்தகைய வீடொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், "நான் மெர்ச்சண்டைசிங் படிக்கப்போகிறேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டனார், "தையல் கற்கக் கல்லூரி எதற்கம்மா?" என்று கேட்கிறார். தாயாரோ, மேடையில் மினுக்கி நடக்கும் தொழிலோ என்று அஞ்சுகிறார். கண்ணெதிரே கணினி நிறுவனங்கள் மாடிமேல் மாடியாக நிற்கையில் இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்தப் புத்தி என்று தந்தையார் மனத்துள் கணக்கிடுகிறார். கட்டணம் பல இலட்சம் ஆகுமாதலின், அவர் கணக்கிடுவது தவறென்று எவரும் சொல்லார். ஆனால், எதைக் கணக்கிடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இத்தொழில் தையலுமன்று, மினுக்குமன்று. ஆடை வேண்டுவோருக்கும் ஆடை செய்வோருக்கும் நடுவே அமர்ந்து, எந்த ஆடை, எத்தனை, எந்த விலையில், எந்த நாளில் என்ற நான்கையும் ஒழுங்குபடுத்துவதே மெர்ச்சண்டைசர் செய்யும் பணி. அது கடையிலும் உண்டு, ஏற்றுமதி நிறுவனத்திலும் உண்டு. கடையில் நடப்பது நமக்குப் புதிதன்று. ஆடியில் திருமணம் இல்லை, விற்பனை மந்தம், தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளினால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வாங்கப் பணம் புரளும். நம் ஊர்த் துணிக்கடைக்காரர் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே கண்ட உண்மை இது. கல்லூரியில் இதனையே அட்டவணையும் விழுக்காடுமாகக் கற்பிக்கின்றனர்.

ஏற்றுமதிப் பக்கந்தான் சற்று விரித்துரைக்கத் தக்கது. அயல்நாட்டு வணிகர் ஒருவர் நீலநிறச் சட்டை வேண்டுமென்கிறார். நீலம் என்றால் எந்த நீலம்? அவர் ஒரு சிறு துணித்துண்டை அனுப்புவார். சாயப்பட்டறை அதைப் பார்த்து மூன்று நான்கு மாதிரிகளைத் தோய்த்துத் தரும். அவற்றை விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பகல் ஒளியிலும் கடை விளக்கொளியிலும் ஒப்பிட வேண்டும். ஏனெனில், வெயிலில் ஒன்றாகத் தோன்றும் இரு நீலங்கள் விளக்கின்கீழ் வெவ்வேறாகிவிடும். பிடித்த மாதிரி ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே துணி சாயத்துக்குச் செல்லும். அதன்பின் அளவு மாதிரி, உற்பத்திக்கு முந்தைய மாதிரி, பொத்தான், நூல், கழுத்துச் சீட்டு, அட்டைப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். நவ சேவாத் துறைமுகத்தில் கப்பலேறும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு வேலைக்கும் நாள் வகுப்பர். சாயம் நான்கு நாள் பிந்தினால், அந்த நான்கு நாளையும் வேறெங்கோ பிடுங்கியாக வேண்டும். பெரும்பாலும் அது தையற்காரரின் இரவுத் தூக்கத்திலிருந்தே பிடுங்கப்படுகிறது.

விலைக் கணக்கும் அப்படியே. துணி, சாயம், உதிரிப் பொருள், போக்குவரத்து ஆகியவற்றின் விலையை எளிதில் அசைக்க முடியாது. அசையக்கூடியது தையல் நேரம். ஒரு சட்டை தைக்க இத்தனை நிமிடம் என்று ஏட்டில் எழுதுவர். பத்தாயிரம் சட்டைக்கான ஆர்டரில், சட்டைக்கு ஒரே ஒரு நிமிடத்தைக் குறைத்து எழுதினால் பத்தாயிரம் நிமிடம் குறைகிறது. அது ஏறத்தாழ 167 மணி. எட்டு மணி நேர வேலையாக வகுத்தால் ஒரு தையற்காரரின் 21 நாள் உழைப்பு. நிமிடம் ஏட்டில் மறைந்ததேயன்றி மெஷின்மேல் மறையவில்லை. அதை யாரோ கூலியின்றித் தைக்கிறார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் ஆடைத் தொழிலாளரை மறுநாள் உள்ளே வரச்செய்தனர். நாளும் விலையும் நெருக்கும் தொழிலில் அந்நெருக்கடி கடைசியில் எங்கே சென்று தங்குகிறது என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? பம்பாய்த் தமிழரிற் பலர் இத்தொழிலின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள். தோல் பதனிட்டவர்கள், தைத்தவர்கள், ஆலையில் நின்றவர்கள். 1854-இல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் இந்நகரின் முதற் பருத்தி ஆலையை நிறுவினார். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். பின்னர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. கீழ்ப் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை இருந்த வளாகத்தில் இப்போது பேரங்காடி நடக்கிறது. துணி பிறந்த இடத்தில் ஆடை விற்கிறது. ஆனால், தைக்கும் வேலை நகரை விட்டுப் போய்விடவில்லை. தாராவியின் மாடியறைகளில், பெரும்பாலும் வடநாட்டிலிருந்து வந்த இளைஞர்களின் கைகளில், இன்றும் நடக்கிறது.

பாட்டனார் மெஷின் மிதித்த வீட்டுப் பெண் மேசையின் இப்புறம் வந்தமர்ந்தால், அந்த ஒரு நிமிடத்தின் விலை அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் அவள் குறைக்கவே நேரலாம். மேலதிகாரி அவளுக்கும் உண்டு. ஆயினும், ஒன்றும் அறியாதவர் எழுதும் கணக்குக்கும் அவள் எழுதும் கணக்குக்கும் வேறுபாடு இராது என்று நாம் நம்பவில்லை.

அவளுக்கு இன்னொரு செல்வமும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரரிடம் தமிழில் பேசுவாள்; தாராவிக் கட்டிங் மாஸ்டரிடம் இந்தியில் பேசுவாள்; ஐரோலியில் வளர்ந்தமையால் மராத்தி தானே வரும்; அயல்நாட்டாருக்கு ஆங்கிலத்தில் எழுதுவாள். "சற்றே மங்கலான நீலம்" என்பதை நான்கு மொழியிலும் பொருள் மாறாமல் சொல்வது எளிதன்று. நாற்காலியில் அமர்ந்து கோப்புகளை மொழிபெயர்க்கும் நாம் அதன் அருமையை அறிவோம். அலுவலகத்தில் ஒரு சொல் பிசகினால் திருத்தக் கடிதம் போகும். அங்கே பிசகினால் பத்தாயிரம் சட்டை நிறம் மாறி வந்து நிற்கும்.

எங்கே படிப்பது? மத்திய அரசின் ஜவுளி அமைச்சகத்தைச் சார்ந்து 1986-இல் புது தில்லியில் தோன்றிய, நிஃப்ட் எனச் சுருங்க வழங்கும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மும்பை வளாகம் நவி மும்பையின் கார்கரில் உள்ளது. சென்னை வளாகம் தரமணியில். இத்துறைக்கு நேரானது அங்குள்ள ஈராண்டு ஆடை மேலாண்மை முதுநிலைப் படிப்பு. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். நம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் அவசரப்பட வேண்டியதில்லை. வணிகவியலோ பொருளாதாரமோ கற்றுப் பின்னர் இதற்கு வரலாம். துணியின் உள்ளியல்பையே கற்க விரும்புவோர்க்கு, 1887-இல் தொடங்கி 1923 முதல் மாதுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. உண்டு. திருப்பூரிலும் ஏற்றுமதியாளர் சங்கத்தின் துணையுடன் 1997-இல் பின்னலாடைக்கெனவே ஒரு கல்லூரி எழுந்தது. ஊர்ப்பக்கம் உறவினர் உள்ளோர் அதனையும் எண்ணலாம்.

வண்ணப்படம் போட்டு விளம்பரம் செய்யும் சிறு பயிற்சி நிலையங்கள் பற்றி ஒரு சொல். தருவது பட்டமா, வெறுஞ் சான்றிதழா, பட்டமானால் எந்தப் பல்கலைக்கழகத்தினது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே, என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தொழிற்சாலையில் எத்தனை வாரம் பயிற்சி தருகிறார்கள் என்பதை மறவாமல் கேளுங்கள். மெஷின் ஓடும் ஓசையைக் கேளாமலே ஆடை வணிகம் கற்றவரை எந்த நிறுவனமும் நெடுநாள் வைத்துக்கொள்ளாது.

நிஃப்டுக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் அழைக்கின்றனர். தேர்வு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வரும். வருமானம் குறைந்த குடும்பத்தார் கட்டண உதவி பற்றியும் அப்போதே கேட்டறிதல் நன்று. பெண்ணை அழைத்துக்கொண்டு ஒருமுறை வளாகத்தைப் பார்த்துவர விரும்பும் பெற்றோர், ஐரோலி நிலையத்தில் பன்வேல் செல்லும் வண்டியில் ஏறினால் இடையில் மாறாமலே கார்கரில் இறங்கலாம். பாட்டனாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள தையல் மெஷின்களைப் பார்த்து அவர் சொல்லக்கூடியது ஏதேனும் இருக்கும்.