ஆமைக் கரையும் ஒரு நூலும்



ஒரு நூல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் கொஸ்டா ரிக்காவின் கரிபியன் கரையிலுள்ள டொர்ட்டுகேரோவைப் பார்க்கவேண்டும். ஒருகாலத்தில் அங்கு முட்டையிட வந்த பச்சை ஆமைகளை இறைச்சிக்காக மல்லாக்கப் புரட்டிப் போட்டார்கள். அமெரிக்க விலங்கியலாளர் ஆர்ச்சி கார் அந்த ஆமைகளின் கதையை 1956இல் ‘தி விண்ட்வர்ட் றோட்’ என்ற நூலில் எழுதினார். படித்த ஒருவர் பிரதிகள் வாங்கித் தம் நண்பர்களுக்கு அனுப்பினார். அந்த நட்பு வட்டமே 1959இல் ஆமைகளைக் காக்கும் அமைப்பாயிற்று. 1975இல் அக்கரைக்குத் தேசியப் பூங்கா என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

இன்றும் பல நாட்டு இளைஞர்கள் அங்கே தொண்டு செய்யப் போகிறார்கள். பகலில் நண்பர்களோடு கால்வாய்களில் படகேறிக் குரங்கும் பறவையும் பார்க்கலாம். இரவிலோ கட்டுப்பாடு வேறு. வெள்ளை வெளிச்சம் கூடாது. ஆமை முட்டையிடத் தொடங்குமுன் நெருங்கலாகாது. மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ கரைவிளக்கைக் கடலின் ஒளியென நம்பி வழிதவறும்.

அழகைக் காணச் சென்றவர்கள் விளக்கை அணைத்து இருளில் காத்திருக்கப் பழகுகிறார்கள். அந்த நூல் வளர்த்த அன்பு இதுதான்.