காற்றைக் கற்றவர்கள்

எல்ல மலைச்சாரலில் இராவணன் பெயரால் ஒரு குகையும் ஓர் அருவியும் உண்டு. பதுளைப் பகுதியில் வளரும் பிள்ளைகள் புட்பக விமானத்தின் கதையையும் கேட்டிருப்பர். நினைத்த மாத்திரத்தில் எழுந்து பறந்த விமானம் அது. மனிதன் மெய்யாகவே வானில் எழுந்த வரலாறோ அத்துணை எளிதாக நிகழவில்லை. அது காற்றைப் பாடமாகப் படித்தவர்களின் வரலாறு.

ஊவாவின் சிறுவர் சிறுமியருக்குக் காற்று புதியதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சானாக இத்தோட்டங்களின் மேல் வீசுகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு அக்காற்றே காரணம் என்பர். அதே காற்றில் பட்டம் விடும் சிறுவன், நூலை இழுத்துப் பிடித்தால், சாய்ந்து நிற்கும் பட்டத்தைக் காற்று மேலே தூக்குவதைத் தன் கையிலேயே உணர்கிறான். விமானத்தின் இறக்கைக்கும் இதுவே அடிப்படை. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

ஜெர்மனியில் ஒட்டோ லிலியென்தால் என்னும் பொறியியலாளர் இதனைப் பறவைகளிடம் கற்றார். ஊவாவில் மலைக்குக் குறைவில்லை. அவரோ பெர்லின் நகருக்கு அருகே மண்ணைக் குவித்து, 15 மீற்றர் உயரமான குன்றொன்றை 1894ஆம் ஆண்டில் தாமே எழுப்பினார். மரக்கம்பும் துணியும் கொண்டு செய்த இறக்கைகளைத் தாங்கி, குன்றுகளிலிருந்து ஓடிப் பாய்ந்து, ஏறத்தாழ 2,000 முறை காற்றில் மிதந்தார். உடலை அசைத்தே சமநிலை காத்தார். 1896 ஒகஸ்ட் 9ஆம் நாள் அச்சமநிலை தவறியது. விழுந்தவர் மறுநாள் உயிர் துறந்தார்.

அச்செய்தி அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்னும் சகோதரரைச் சிந்திக்க வைத்தது. எழுவது பாதி வேலை, எழுந்தபின் கவிழாதிருப்பது மறுபாதி என்று அவர்கள் கண்டனர். பறவை தன் இறக்கை நுனியை முறுக்கிச் சமன் செய்வதைக் கவனித்து, 1899இல் இறக்கை முறுகக்கூடிய ஒரு பட்டத்தைச் செய்து பறக்கவிட்டனர். பின்னர் அவர்கள் கட்டிய பெரிய பொறிகள் கணக்கிட்டபடி எழவில்லை. உடனே காற்று வீசும் பெட்டியொன்றைச் செய்து, ஏறத்தாழ 200 சிறிய இறக்கை வடிவங்களை அதில் சோதித்தனர். 1903 டிசெம்பர் 17ஆம் நாள் ஓர்வில் 12 வினாடிகள் பறந்தார். கடந்த தூரம் 120 அடி. கொழுந்து பறிக்கும் கை கூடையில் சில பிடி போடும் நேரந்தான் அது.

அவ்வித்தை விரைவிலேயே நம் பக்கம் வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர், தாமே ஒரு விமானத்தை வகுத்து, சிம்ப்சன் கம்பெனியில் கட்டுவித்து, 1910இல் பறந்து காட்டினார். 1912இல் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பிரெஞ்சுக்காரரான மார்க் பூர்ப்பும் ஜோர்ஜ் வெர்மின்க்கும் வானில் எழுந்தனர். இரண்டாண்டுகளில் பூர்ப் விமான விபத்தொன்றில் மாண்டார்.

இத்தோட்டங்களை உருவாக்கிய முன்னோர் தமிழகக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியிலேயே மடிந்தோர் பலர். 1938ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் இரத்மலானையில் வந்திறங்கியது. அவர்கள் தோணியில் கடந்த கடலைக் கடிதங்கள் வான்வழியே கடந்தன. சைக்கிள் கடைக்காரரும் ஹோட்டல்காரரும் தொடங்கிவைத்த முயற்சி, பிரிந்திருந்த உறவுகளை இவ்வாறு அருகே கொணர்ந்தது.

பாறையிலிருந்து குதிப்பது அவர்கள் காட்டிய வழியன்று. விழுந்த பட்டத்தைக் கையில் எடுத்து, ஏன் விழுந்தது என்று கேட்டு, வாலைச் சற்றே நீட்டி, மீண்டும் காற்றில் விட்டுப் பார்ப்பதே அவர்கள் வழி. அதற்கு வேண்டிய காற்று ஊவா மலைகளில் இன்றும் வீசுகிறது.