இரக்கம் வேண்டாம், விலை கொடுங்கள்!

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் சரக்குகளுக்கு விளம்பர வேலை மேற்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்கள் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டபோது, விளம்பரத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று முதலில் தயங்கினோம். நாம் கல்லூரியில் படித்தவரல்ல. ஆனால் இருபது வருஷ காலமாக ஊர் ஊராய்ப் போய், ஜனங்கள் கேட்க விரும்பாத சங்கதிகளை மேடையில் சொல்லியும், அவற்றையே பத்திரிகையாய் அச்சடித்துக் காசுக்கு விற்றும் வந்திருக்கிறோம். ஒருவனிடம் ஒன்றை எடுத்துச் சொல்லி அவனை ஒப்பச் செய்வதுதானே விளம்பரம் என்பது? அந்த அனுபவத்தைக் கொண்டு நமக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். சரி என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், தோன்றாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! இந்தக் குழுக்கள் நேற்று முளைத்தவையல்ல. தமிழ்நாட்டில் அரசாங்க முயற்சியாய் இவ்வேலை 1989-ம் வருஷத்தில் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கப்பட்டது. 1992-ல் நபார்டு வங்கி இக்குழுக்களைப் பாங்கிகளோடு சேர்த்து வைக்கும் ஏற்பாட்டைப் பரீட்சை பார்த்தது. அதன் பயனாக, புருஷன் கையெழுத்தில்லாமல் பாங்கி வாசற்படி ஏறியறியாத பெண்கள் தங்கள் பேரிலேயே கணக்கு வைத்து, கடன் வாங்கி, வட்டியோடு திருப்பிக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பிறகு, செய்த சரக்கை விற்க இடம் வேண்டுமே என்று "கல்லூரிச் சந்தை" என்பதாக ஒன்று ஏற்படுத்தி, கல்லூரிகளுக்குள்ளேயே கடை போட வழி செய்தார்கள். அந்தக் கடைக்கு ஆள் சேர்க்கும் வேலையைத்தான் இப்போது நீங்கள் பாடத்தின் ஒரு பகுதியாக ஏற்றிருக்கிறீர்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் நல்ல காரியத்தையும் தப்பு வழியில் செய்ய முடியும் என்பதற்காகவே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் வரைந்த சுவரொட்டிகளைக் காலையிலேயே பார்த்தோம். படங்கள் வெகு நேர்த்தியாயிருக்கின்றன. ஆனால் பத்துச் சுவரொட்டிகளில் ஏழு, "ஏழைத் தாய்மார்களுக்கு உதவுங்கள்", "இவர்கள் வீட்டு அடுப்பெரியக் கை கொடுங்கள்" என்கிற முறையிலேயே இருக்கின்றன. ஒரு படத்தில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அது யார் என்று விசாரித்ததில், அடுப்புப் புகையில் கண் எரிந்து துடைத்தபோது ஒரு தம்பி கைப்பேசியில் பிடித்த படமாம்! அந்த அம்மாளே அதன் எதிரில் நின்று, "ஏன் தம்பி, முறுக்கு நல்லாயிருக்கும்னு எங்கேயுமே எழுதலையே?" என்று கேட்டார். நாம் இன்று சொல்லப்போவது முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். எந்தச் சோப்புக் கம்பெனியாவது, "எங்கள் முதலாளி கஷ்டப்படுகிறார், தயவு செய்து எங்கள் சோப்பை வாங்குங்கள்" என்று விளம்பரம் செய்கிறதா? முதலாளி சரக்குக்குப் பேர் "விற்பனை", கூலிக்காரி சரக்குக்குப் பேர் "உதவி" என்றால் இது என்ன நியாயம்? இரக்கத்தினால் வாங்குகிறவன் சரக்கை வாங்குவதில்லை. "நாம் தர்மம் செய்தோம்" என்கிற திருப்தியைத்தான் வாங்குகிறான். அந்தத் திருப்தி ஒரு தடவையிலேயே நிறைந்துவிடும். மறு வாரம் அவன் வரமாட்டான். முறுக்கு நன்றாயிருக்கிறதென்று வாங்கினவனோ, அது தீர்ந்த மறுநாளே வந்து நிற்பான். ஆகையால் இரக்கத்தை விற்பது மானத்துக்கு மாத்திரமல்ல, வியாபாரத்துக்கும் கேடு.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 1959-ம் வருஷம் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் செய்தது நாலு பொட்டலம். அதுதான் இன்று தேசமெங்கும் விற்கிற லிஜ்ஜத் அப்பளம். அவர்கள் ஆரம்பத்திலேயே, நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்கள். உயர்ந்த ரகம் ஒன்று, மலிவுக்கு மட்ட ரகம் ஒன்று என்று செய்துவந்தபோது, கடன் கொடுத்த பெரியவரே, "ஒரே தரமாய்ச் செய்யுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள்" என்று தடுத்தார். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பட்டம் கிடக்கட்டும், பிச்சை வேண்டாம் என்ற அந்தத் தீர்மானமல்லவா பெரிது!

இரண்டாவது, பொய் சொல்லாதீர்கள். ஒரு சுவரொட்டியில் "தினை முறுக்கு - சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்" என்று கண்டோம். தினையில் நார்ச்சத்து இருப்பது வாஸ்தவம். ஆனால் எண்ணெயில் பொரித்த முறுக்கு எப்படி மருந்தாகும்? மந்திரித்த தாயத்து வியாதியைத் தீர்க்கும் என்கிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீரிழிவைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. உணவுப் பொருளைப் பற்றி ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். நீங்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். பொட்டலத்தின் மேல் பேர் இருக்கிற பெண்கள் எங்கே போவார்கள்?

அந்தப் பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொட்டலத்தில் செய்தவர் பேரும் விலாசமும், எடையும், தயாரித்த தேதியும், விலையும் இருக்கவேண்டுமென்பது சட்டம். அப்படியிருக்க, ஒரு தோழர் நம்மிடம் தனியாக, "ஐயா, விலாசத்தில் காலனி என்று இருந்தால் சிலர் வாங்கமாட்டார்கள், கல்லூரிப் பேரைப் பெரிதாகப் போட்டு அதை மறைத்துவிடலாமா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சரக்கு விற்கவேண்டுமே என்ற கவலையில் கேட்டார். ஆனால் மறைத்து விற்றால் வெட்கப்படவேண்டியவன் தப்பித்துக்கொள்ளுகிறான். உழைத்தவள் வெட்கப்படுகிறவளாய் ஆகிறாள். ஆகவே விலாசத்தைப் படிக்கும்படியான பெரிய எழுத்திலேயே போடுங்கள். முறுக்கு நன்றாயிருந்தால், அதைத் தின்ற வாயே அந்த ஊர்ப் பேரைச் சொல்லும்.

மூன்றாவது, கணக்கு. "இரண்டு பொட்டலம் வாங்கினால் ஒன்று இலவசம்" என்று ஒரு யோசனை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 12 கிலோ முறுக்கு சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். அரைக் கிலோ பொட்டலம் 24. பொட்டலம் 100 ரூபாய் வீதம் வரவு 2,400. மாவு, எண்ணெய், காஸ் 1,800 ரூபாய். பையும் பஸ் சத்தமும் 240. மீதி 360. நாலு பெண்கள் காலை 5 மணி முதல் பகல் 2 மணி வரை வேலை செய்தால் ஆளுக்கு 90 ரூபாய். அதாவது மணிக்குப் பத்தே ரூபாய்! இதையே லாபம் என்று எண்ணிச் சந்தோஷப்படுகிறோம். ஏனென்றால் பெண்கள் உழைப்பைக் கூலியாய் எண்ணும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. இப்போது உங்கள் இலவசத்தைச் சேருங்கள். 24 பொட்டலமும் விற்றாலும் 16-க்குத்தான் காசு வரும். வரவு 1,600, செலவு 2,040. சரக்கு முழுதும் விற்றுப்போகும், கூட்டம் அலைமோதும், உங்களுக்கு நல்ல மார்க்கும் கிடைக்கும், அந்தப் பெண்களோ 440 ரூபாய் நஷ்டத்தோடு வீட்டுக்குப் போவார்கள்! ஆகையால் சுவரொட்டி எழுதுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் கூலியையும் செலவில் சேர்த்து, விலையைத் தீர்மானியுங்கள். அந்த விலை தகும் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுவதுதான் உங்கள் கெட்டிக்காரத்தனம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பருவம் முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். அப்போது விளம்பரத்தில் போட்ட கைப்பேசி எண் யாருடையதாயிருக்கும்? பணம் செலுத்தும் க்யூஆர் கோடு யார் கணக்கில் சேரும்? மாணவன் கணக்கு என்றால், தரகனை ஒழித்துவிட்டு நல்ல மனதுள்ள தரகனை வைத்ததாகவே அர்த்தம். முதல் நாளே எண்ணும் கணக்கும் குழுவின் பேரில் இருக்கட்டும். படம் எடுப்பதையும், வருகிற ஆர்டரைப் பார்ப்பதையும், பதில் போடுவதையும் அவர்களுக்கே கற்றுக் கொடுங்கள். கேட்காமல் யார் படத்தையும் போடாதீர்கள். நீங்கள் இல்லாமலே அந்தக் கடை நடந்தால்தான் உங்கள் வேலை ஜெயித்தது என்று நாம் ஒப்புக்கொள்ளுவோம்.

ஆகவே தோழர்களே! அந்த ஏழு சுவரொட்டிகளையும் இன்றே கிழித்துவிட்டு, அந்த அம்மாள் கேட்டதை எழுதுங்கள். முறுக்கு நன்றாயிருக்கிறது, இன்னார் செய்தது, இன்ன ஊர், இன்ன விலை. இவ்வளவு போதும். இதில் பொய்யுமில்லை, பிச்சையுமில்லை. நாமும் போகும்போது இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போகப்போகிறோம். இலவசப் பொட்டலம் வேண்டாம் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.