பனிக்கு ஒரே அளவுகோல்: துருவ ஆய்வின் பன்னாட்டு ஒருங்கிணைப்பும் காலநிலைக் கொள்கையும்

அண்டார்க்டிகாவின் தரைமீது படிந்துள்ள பனி முழுவதும் உருகுமானால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்தின் பனியும் உருகினால் அதற்குமேல் 7 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உயரும். அப்படி முழுதும் உருகி முடியும் காலம் எந்த அரசின் திட்டக் கணக்கிலும் வரக்கூடியதன்று. ஆனால் அந்தப் பெருந்திரளில் நூற்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டுக்குள் கடலில் சேருமா, அதில் பாதிதான் சேருமா என்னும் கேள்விக்கு, துறைமுகத்தை எந்த உயரத்தில் கட்டுவது என்று முடிவு செய்யும் பொறியாளருக்கும், உமிழ்வைக் குறைக்கும் இலக்கை எந்த ஆண்டுக்கு வைப்பது என்று வாதிடும் அமைச்சருக்கும் இன்றே விடை வேண்டும். அவ்விடையை எந்த நாடும் தன் பணத்தையும் தன் கப்பல்களையும் மட்டும் கொண்டு கண்டறிய இயலாது. பல நாடுகள் கூடிவிட்டதாலேயே அது கிடைத்துவிடுவதும் இல்லை. அளக்கும் முறையும் கணக்கும் பொதுவாகும்போதுதான் துருவ அறிவு கொள்கைக்குப் பயன்படும் தகுதியைப் பெறுகிறது என்பதே இச்சொற்பொழிவின் கருத்து.

துருவங்களைக் கூட்டாக அளக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட். 1872 முதல் 1874 வரை ஆர்க்டிக் பயணம் ஒன்றை உடனிருந்து நடத்தித் திரும்பிய அவர், புதிய தீவைக் கண்டு அதில் கொடி நாட்டும் போட்டியால் அறிவியலுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்றும், பல இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே முறையில் காற்றழுத்தம், வெப்பநிலை, காந்தப்புலம் ஆகியவற்றை அளந்தால்தான் துருவத்தின் இயல்பு புலப்படும் என்றும் வாதிட்டார். அதன் விளைவாக 1882-83ஆம் ஆண்டு முதலாவது பன்னாட்டுத் துருவ ஆண்டாக அமைந்தது. அதைப் பார்க்காமலே 1881இல் வைப்ரெக்ட் மறைந்தார். அம்முயற்சியில் அளவீடு ஒருங்கிணைக்கப்பட்டதே தவிர, அளந்தவற்றைச் சேர்த்து ஆராயும் பணி யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. ஒவ்வொரு நாடும் தன் குறிப்புகளைத் தன் தொகுதிகளாகத் தனித்தனியே அச்சிட்டதோடு பணி நின்றது. கூட்டு ஆய்வு எவ்விடத்தில் தோற்கும் என்பதற்கு அந்த முதல் முயற்சியே சான்று.

1957 சூலை முதல் 1958 திசம்பர் வரை நடந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு அக்குறையை ஓரளவு போக்கியது. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்நாளில் 67 நாடுகள் அதில் பங்கேற்றன. கிடைத்த தரவுகளைக் காப்பதற்கு அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பிற நாடுகளிலும் உலகத் தரவு மையங்கள் அமைக்கப்பட்டன. காற்றில் கரியமில வாயுவின் அளவைத் தென்துருவத்திலும் ஹவாயின் மௌனா லோவாவிலும் சார்லஸ் கீலிங் தொடர்ந்து பதிவு செய்யத் தொடங்கியது இந்த ஆண்டின் பகுதியாகவே. அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு 1958இல் உருவாயிற்று; அடுத்த ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் 12 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தம், அக்கண்டத்தின்மீதான உரிமைக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்து, ஆய்வுத் திட்டங்களையும் முடிவுகளையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வதை உறுப்புநாடுகளின் கடமையாக்கியது.

அறிவு கொள்கையாக மாறியதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஓசோன் படலத்தின் கதை. அண்டார்க்டிகாவிலுள்ள பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டித் தொடங்கிய அளவீடு இடைவிடாமல் தொடர்ந்ததால்தான், வசந்தகாலத்தில் அங்கு ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை ஜோ ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் 1985இல் வெளியிட முடிந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் பதிவுகளிலும் அக்குறைவு தென்பட்டிருந்தது. ஆனால் அவ்வளவு தாழ்ந்த எண்கள் ஐயத்துக்குரியவை எனக் குறியிடப்பட்டிருந்தன. தரையில் அளந்ததும் வானிலிருந்து அளந்ததும் ஒன்றையொன்று உறுதிசெய்த பிறகு ஐயம் நீங்கியது. ஓசோனைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்பாடு 1987 செப்டம்பர் 16இல் கையெழுத்தாயிற்று. இந்த வெற்றியைப் பொதுவிதியாகக் கொள்வது பிழையாகும். ஓசோனைச் சிதைத்தவை சிலவகை வேதிப்பொருள்கள். அவற்றைச் செய்தவை சில நிறுவனங்கள். மாற்றுப் பொருள்களும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. கரியமில வாயுவோ ஒவ்வொரு நாட்டின் மின்சாரத்தோடும் போக்குவரத்தோடும் பின்னிக்கிடப்பது.

கடல்மட்டம் பற்றிய ஆய்வின் வரலாறு அவ்வளவு எளிதாக முடிந்த ஒன்றன்று. ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்பதை அதுவே நன்கு விளக்குகிறது. காலநிலை பற்றிய உலக அறிவைத் தொகுத்து அரசுகளுக்கு அளிக்கும் பொறுப்பு ஐ.பி.சி.சி. எனப்படும் அரசுகளுக்கிடைக் குழுவினுடையது. அது தானாக ஆய்வு நடத்துவதில்லை. வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிடுகிறது. அதன் அறிக்கையில் கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை உறுப்பு அரசுகளின் பேராளர்கள் வரிவரியாகப் படித்து ஒப்புகின்றனர். எனவே அறிவியலாளர்களுக்குள் ஒத்த முடிவு இல்லாத செய்தி அச்சுருக்கத்தில் உறுதியான எண்ணாக இடம்பெறுவது கடினம். 2007ஆம் ஆண்டின் நான்காவது அறிக்கை, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 18 முதல் 59 சென்டிமீட்டர் வரை உயரலாம் என மதிப்பிட்டபோது, பனி கடலை நோக்கி விரைந்து நகர்வதில் இனி ஏற்படக்கூடிய மாற்றங்கள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை என்றும் கூறியிருந்தது. கடலில் மிதந்தபடி கரைப்பனியைத் தாங்கி நிற்கும் பனிமேடைகளுள் ஒன்றான லார்சன்-பி 2002இல் சில வாரங்களில் நொறுங்கி, அதன் பின்னாலிருந்த பனியாறுகள் வேகம் பிடித்ததை எல்லோரும் பார்த்திருந்தனர். ஆனால் அதைக் கணக்கில் கொண்டுவரும் மாதிரி அப்போது இல்லை. அறிக்கை நேர்மையாகவே நடந்துகொண்டது. எனினும் எண் பரவும் வேகத்தில் அதன் நிபந்தனை பரவுவதில்லை. 59 சென்டிமீட்டரே உச்சவரம்பு என்று எண்ணத் தலைப்பட்டவர்கள் குறிப்பைப் படிக்காதவர்கள்.

அக்காலத்தில் பனிப்பாளங்களின் வரவுசெலவு பற்றி வெளிவந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. பனிப்பாளம் என்பது கிலோமீட்டர் கணக்கில் தடித்து ஒரு நிலப்பரப்பையே மூடிக்கிடக்கும் பனித்திரள். அதன் இழப்பை அளக்க மூன்று வழிகள் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து ரேடார் அல்லது லேசர் கதிரைச் செலுத்தி மேற்பரப்பின் உயரம் குறைவதை அளப்பது ஒரு வழி. ஆண்டுதோறும் பெய்யும் பனியிலிருந்து கடலுக்குள் வழிந்தோடும் பனியைக் கழிப்பது மற்றொரு வழி. அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002இல் ஏவிய கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் தமக்கிடையிலான தூரத்தில் ஏற்படும் நுண்ணிய மாறுதலைக் கொண்டு ஈர்ப்பு விசையையும் அதன்வழிப் பனியின் நிறையையும் கணித்தது மூன்றாவது வழி. ஒரே வயலை மூவர் மூன்று கோல்களால், அதுவும் வெவ்வேறு வரப்புகளை எல்லையாக வைத்து அளந்தது போன்ற நிலை அது. அண்டார்க்டிகா பனியை இழக்கிறது என்றது ஓர் ஆய்வு; பெறுகிறது என்றது மற்றொன்று. பனியின் சுமை குறைந்த நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மேலெழும்புவதைக் கழிக்கும் முறையிலும் குழுவுக்குக் குழு வேறுபாடு இருந்தது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் ஆதரித்த ஒப்பீட்டுத் திட்டம் ஒன்று, ஆண்ட்ரூ ஷெப்பர்டு, எரிக் ஐவின்ஸ் ஆகியோரின் தலைமையில் இம்முரண்பாட்டைத் தீர்க்க முற்பட்டது. புதிய செயற்கைக்கோளையோ புதிய கப்பலையோ அது கேட்கவில்லை. ஒரே காலப்பகுதி, ஒரே எல்லை வரைபடம், ஒரே திருத்தமுறை என்று வகுத்துக்கொண்டு, 26 ஆய்வகங்களைச் சேர்ந்த 47 அறிவியலாளர்கள் தத்தம் தரவுகளை மறுபடியும் கணக்கிட்டனர். 2012இல் வெளிவந்த முடிவின்படி மூன்று முறைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1992 முதல் இரு துருவப் பனிப்பாளங்களும் கடல்மட்டத்தை ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தன. 2018இல் விரிவாக்கப்பட்ட கணக்கு, 1992க்கும் 2017க்கும் இடையில் அண்டார்க்டிகா மட்டும் ஏறத்தாழ 2,72,000 கோடி டன் பனியை இழந்தது எனவும், இழப்பின் வேகம் 2012க்குப் பின் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று எனவும் காட்டியது. துருவ ஆய்வில் இந்நூற்றாண்டின் முதன்மையான பணிகளுள் ஒன்று இந்த மறுகணக்கீடே எனலாம். பனிக்கட்டியைத் துளைத்துச் செல்லும் கப்பலின் படம்தான் நாளிதழில் வரும் என்பது வேறு செய்தி.

பொதுக்கணக்கு எப்போதும் ஐயத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2021இல் வெளிவந்த ஐ.பி.சி.சி. அறிக்கை, மிகை உமிழ்வு நிலையில் 2100க்குள் கடல்மட்டம் 63 முதல் 101 சென்டிமீட்டர் வரை உயர வாய்ப்பு மிகுதி என்று கூறிவிட்டு, பனிப்பாளங்களின் இயக்கம் இன்னும் முழுமையாகப் புலப்படாததால் உயர்வு 2 மீட்டரை நெருங்குவதையும் மறுக்க முடியாது என்று சேர்த்தது. 2007இல் கணக்குக்கு வெளியே நின்ற அறியாமை, 2021இல் கணக்குக்குள்ளேயே ஓர் எண்ணாக வந்து அமர்ந்தது. கொள்கை வகுப்போருக்கு இதுவே உதவி: அணைகட்டுபவரும் அனல்மின் நிலையம் அமைப்பவரும் நடுமதிப்பை மட்டுமன்றி மேல்விளிம்பையும் கருதவேண்டும்.

இச்செய்தி வங்கக் கடற்கரைக்கும் உரியது. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகும்போது அந்த இழுப்புத் தளர்வதால் பனிக்கருகே கடல்மட்டம் தாழ, தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் உலகச் சராசரியைவிட அது கூடுதலாக உயர்கிறது. கிரீன்லாந்திலிருந்தும் அண்டார்க்டிகாவிலிருந்தும் வெகுதொலைவில் இருப்பது தமிழகக் கடற்கரைக்குப் பாதுகாப்பு அன்று.

ஒருங்கிணைப்பு முறியும்போது இழப்பு என்ன என்பதை ஆர்க்டிக் பகுதி காட்டுகிறது. 1996இல் தோன்றிய ஆர்க்டிக் மன்றம் எட்டு நாடுகளையும் அங்குள்ள பழங்குடி மக்களின் அமைப்புகளையும் ஒரே மேசையில் அமர்த்தியது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததை அடுத்து 2022 மார்ச்சில் ஏனைய ஏழு நாடுகளும் மன்றப் பணிகளை நிறுத்திவைத்தன. பின்னர் அப்பணிகள் சிறிது சிறிதாகவே மீண்டன. அந்த அரசியல் முடிவின் நியாயம் வேறு. அறிவியல் விளைவு வேறு. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலைத்த உறைமண் ரஷ்ய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் அடியில் உள்ளது. உலகின் உறைமண்ணில் காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு கார்பன் அடங்கியிருக்கிறது. ரஷ்யாவிலுள்ள நிலையங்களின் தரவு வராவிட்டால் ஆர்க்டிக் முழுமைக்குமான கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதை 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அண்டார்க்டிக்கில் தரவுப் பகிர்வு ஒப்பந்தக் கடமை. ஆர்க்டிக்கில் அது பெரிதும் நல்லெண்ணத்தையே சார்ந்தது. நல்லெண்ணம் போதாது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

இந்தியா 1983இல் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்கள் அங்கும், ஹிமாத்ரி நார்வேயின் சுவால்பார்டிலும் இயங்குகின்றன. சுவால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டு நீரில் 2014இல் நிறுத்தப்பட்ட இண்டார்க் என்னும் நீரடி உணரித் தொகுதியை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு. ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032-33இல் நடைபெறவிருக்கிறது. அதற்கான திட்டங்கள் இப்போதே தீட்டப்படுகின்றன. கடல்மட்ட அளவீட்டிலும் பனிப்பாள மாதிரிகளை ஒப்பிடும் பணியிலும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் இப்போதே இடம்பெற முனையவேண்டும். மாநிலத்தின் கடலோரத் திட்டங்களைத் தீட்டுவோர் உலகச் சராசரியை அப்படியே எடுத்தாளாமல், இந்தக் கடற்கரைக்கெனக் கணித்த எண்களையும் அவற்றின் மேல்விளிம்பையும் அறிவியலாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும்.