காப்புறுதிச் சொற்களும் பொருள் தெளிவும்



தமிழகத்தார் காப்பீடு என்பதைச் சிங்கப்பூரில் நாம் காப்புறுதி என்கிறோம். அவர்கள் பிரீமியம் என்பதைச் சந்தா என்கிறோம். சொல் வேறுபடினும் பொருள் ஒன்றே; ஆதலின் இடரில்லை. சொல் எளிதாகத் தோன்றிப் பொருள் வேறாக நிற்கும் இடத்திலேயே இடர் பிறக்கிறது.

முதலில் மருத்துவமனைக் கட்டணத்தைக் காண்போம். 2015 நவம்பரில் நடப்புக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் திட்டம் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் உரியது; முன்பே இருந்த நோய்களையும் உள்ளடக்கியது. ஆயினும் கட்டணம் முழுவதையும் அது ஏற்பதில்லை. நோயாளியின் பங்கு இரண்டு வகைப்படும்.

ஒன்றைக் கழிவுத்தொகை என மொழிபெயர்ப்பதுண்டு. கழிவு என்றதும் கடைக்காரர் தரும் விலைக்குறைப்பே நினைவுக்கு வரும். இங்கோ அது நம் பொறுப்பில் விழும் தொகை. திட்டம் பணம் தரத் தொடங்குமுன், காப்புறுதி ஆண்டுதோறும் நாம் முதலில் ஏற்பது. மற்றொன்றைக் கூட்டுக் காப்புறுதி என்பர். இரு நிறுவனங்கள் கூடிக் காப்பதாக அது மயங்கவைக்கும். உண்மையில் அது எஞ்சிய கட்டணத்தில் நாம் ஏற்கும் விழுக்காடு. கோரத்தக்க கட்டணம் 10,000 வெள்ளி, கழிவுத்தொகை 2,000, விழுக்காடு 10 எனக் கொள்வோம். எஞ்சிய 8,000இல் 800 நம்முடையது. ஆக, நம் பொறுப்பு 2,800. திட்டம் தருவது 7,200. முதற்பங்கு, தொடர்பங்கு என்று வகுப்பில் விளக்கினால் பொருள் தானே புலப்படும்.

அடுத்தது, 2020 அக்டோபரில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப். கடும் உடற்குறை நீடிக்கும்வரை மாதந்தோறும் இது பணம் வழங்கும். வழக்கில் உடற்குறை என்பது ஓர் உறுப்பின் குறையைச் சுட்டும். இத்திட்டத்திலோ அது செயலைச் சுட்டும். குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறையைப் பயன்படுத்தல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் போன்ற பெயர்வு ஆகிய ஆறனுள் மூன்றையேனும் பிறர் துணையின்றிச் செய்ய இயலாமையே கடும் உடற்குறை. மூத்தோர் பலர் கொண்டுள்ள எல்டர்ஷீல்டின் அளவுகோலும் இதுவே. நோயின் பெயர் மட்டும் இதனை முடிவு செய்வதில்லை.

ஆறாவது செயலை ‘இடமாற்றம்’ என்று மொழிபெயர்த்தால், வீடு மாறுவதா, வேலை மாறுவதா என்று பாட்டி திகைப்பார். ‘குளிக்க முடியுமா?’ என்று கேட்டால், மகள் நீரூற்றித் தேய்த்துவிட்டாலும், ‘முடியும்’ என்றே தன்மானத்தோடு விடையளிப்பார். ‘துணையின்றி’ என்னும் ஒரு சொல் விடுபட்டதால், மதிப்பிடுவோர்க்கு அவர் நிலை தவறாகச் சென்று சேரும்; உரிய உதவியும் தவறிப்போகலாம்.

மாணவர்களே, மருத்துவருக்கும் பாட்டிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராய் நிற்பவர் பெரும்பாலும் நீங்களே. ‘யாருடைய துணையும் இல்லாமல் குளிக்கிறீர்களா, பாட்டி?’ என்று கேளுங்கள். ஆசிரியர்களே, இத்தகைய படிவம் ஒன்றை மொழிபெயர்ப்புப் பயிற்சியாக வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அகராதி தரும் சொல்லோடு அமையாது, கேட்பவர் மனத்தில் அது எப்பொருளாய் விளங்கும் என்றும் ஆராய்வதே மொழிக்கல்வி.