ஐந்து மணிக்கு வந்தவர்கள்

(வானொலி மறையுரை. வாசகம்: மத்தேயு 20:1-16)



இன்றைய நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்துக்காரர் வேலையாள் தேடி ஐந்து முறை சந்தைவெளிக்குப் போகிறார். மாலை ஐந்து மணிக்கும் அங்கே ஆள்கள் நிற்கிறார்கள். காரணம், அவர்களை அதுவரை யாரும் கூப்பிடவில்லை.

கரிசல்காட்டு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்தி எடுக்க ஆள் கூப்பிடும்போது கைவேகம் உள்ளவர்கள் முதலில் போய்விடுவார்கள். கைக்குழந்தைக்காரியும் வயதான பாட்டியும் கடைசிவரை நிற்பார்கள். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எனக்குப் புரியவைத்தவர் ஒரு தாய். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் நான் பணியாற்றிய காலத்தில், திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். வயது முப்பத்தாறு. தீப்பெட்டி ஆபீசில் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"சமுதாயக் கல்லூரியில சேரப் போறேன் சாமி. பிறந்த தேதிக்கு ஆதாரம் கேக்காங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா படிப்பு? அந்தக் காசுல மகளைப் படிக்க வை."

அவர் கோபப்படவில்லை. "ஒம்பதாவதுல எம் பேரை அடிச்சிட்டாங்க சாமி. தம்பியப் பாத்துக்க ஆளில்ல, நின்னுட்டேன். மறுபடி வான்னு யாரும் கூப்பிடல. இப்பத்தான் கூப்பிடுதாங்க."

நான் பேசாமல் பதிவேட்டை எடுத்தேன். கட்டபொம்மன் கோட்டையை இடித்த வெள்ளையர், ஊர்ப் பெயரையே ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று நாம் பார்ப்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பள்ளி ஏட்டில் அடிக்கப்பட்ட அந்தத் தாயின் பெயர், கோவில் ஏட்டில் மை மங்காமல் இருந்தது.

சமுதாயக் கல்லூரி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்காதீர்கள். பின்னர் நான் போய்ப் பார்த்தது இரண்டே அறை. ஒரு கட்டில், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு கரும்பலகை. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இப்படி ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் நம் திருச்சபை தொடங்கியது. இயேசு சபை அருள்தந்தை சேவியர் அல்போன்ஸ் அதை ஊர் ஊராகப் பரப்பினார். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் தந்தது. படிப்பை இடையில் விட்டவர்களும் சேரலாம். முதலில் வாழ்க்கைத் திறன், பிறகு கைத்தொழில், பிறகு பக்கத்து மருத்துவமனையிலோ பட்டறையிலோ நேரடிப் பயிற்சி.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒன்பதாவதோடு நின்ற தாய்க்கு அது இல்லை. அவருக்கு வேன் தவறினால் அன்றைய கூலியும் போச்சு.

உவமையில் முணுமுணுத்தவர்கள் விடியற்காலையில் வந்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன். என்னைப் பத்து வயதிலேயே விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். பிந்தி வந்தவரைப் பார்த்து "எதுக்கும்மா" என்று கேட்டுவிட்டேன்.

காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். நம் நாட்டுக்கு வந்தபோது வயது ஏறக்குறைய முப்பது. அந்த வயதில் உட்கார்ந்து அ, ஆ படித்தார். அவரே பின்னாளில் சதுரகராதி தொகுத்தார், நம் எழுத்தைத் திருத்தினார். அந்த மனிதரைப் பார்த்து, "இந்த வயசுல தமிழ் எதுக்கு சாமி?" என்று நம் ஊர்க்காரர் கேட்டுத் துரத்தியிருந்தால்?

அந்தத் தாய் ஓராண்டு படித்தார். மாமியார் உலை வைத்தார். மகள் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிக் கொடுத்தாள். இப்போது ஒரு மருத்துவமனையில் உதவியாளர். சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் தெருவில் யாருக்கு மாத்திரை வாங்கினாலும், அட்டையை அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து இன்னும் இரண்டு பேர் அவரிடம் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள்.

நேயர்களே, உங்களுக்கும் திருமுழுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால், ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவரும் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டால், வானொலிச் சாமியார் அனுப்பினார் என்று சொல்லுங்கள்.